ஏழாம் வசனம் வரை

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

நான் வேதாகமத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியேறினேன் என்று உங்கள் ஜெபக் குழுவில் பேசிக்கொள்வதாக என் மகன் போனில் சொன்னான். தவறு. புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். சத்தம் வந்தது உண்மைதான். அது பெரிய எழுத்துப் பதிப்பு, கனம் அதிகம். கதவை நான் தொடவே இல்லை. உங்கள் கூடத்துக் கதவு காற்றுக்குத் தானே அறைந்துகொள்ளும் என்பது அந்த வீட்டில் குடியிருக்கும் உனக்குத் தெரியாதா? மறுநாள் முதல் பஸ்ஸில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பியது மட்டும் சரியான தகவல்.

போனில் பேசலாமே என்கிறான் அவன். போனில் நீ அழுவாய், நான் கத்துவேன். எழுத்தில் இரண்டுக்கும் இடமில்லை. அதனால் எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், எங்காவது பிசகினால் திருத்து. உங்கள் ஜெபக் குழுவை நடத்தும் பிரதர் வந்தார். அவருக்கு முன்னால் அவருடைய சென்ட் வந்தது. சோபாவில் உட்கார்ந்து என் பேத்தி சிட்டுவின் தலையில் கையை வைத்தார். "இந்தப் பிள்ளை காதை மூடினது பரம்பரைச் சாபம், சிஸ்டர். தாத்தாவுக்கும் காது கேக்காதாமே? பிதாக்கள் செஞ்ச அக்கிரமம் மூணாம் தலைமுறை, நாலாம் தலைமுறை வரைக்கும் தொடரும்னு எழுதியே இருக்கு" என்றார். நீங்கள் எல்லாரும் தலையாட்டினீர்கள். நீயும்தான். நான் எழுந்து நின்று, "அதுக்கு அடுத்த வசனத்தையும் வாசிங்க தம்பி" என்றேன். "அம்மாவுக்கு விசுவாசம் கொஞ்சம் குறைச்சல்" என்று சிரித்தார். "விசுவாசம் இருக்கட்டும், கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வாசிங்க" என்றேன். யாரும் வாசிக்கவில்லை. புத்தகத்தை அப்போதுதான் வைத்தேன்.

இப்போது நீயே எடுத்து வாசி. யாத்திராகமம் இருபதாம் அதிகாரம். விக்கிரகங்களைச் செய்து வணங்காதே என்று சொல்லிவரும் இடம் அது. தலைமுறைகளைப் பற்றிய பேச்சு கடவுளைப் பகைக்கிறவர்களைக் குறித்தது என்று அந்த வசனத்திலேயே இருக்கிறது. அடுத்த வசனத்தில், தம்மை நேசிக்கிறவர்களுக்கு ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் செய்வதாகச் சொல்கிறார். நாலுக்கும் ஆயிரத்துக்கும் வித்தியாசம் தெரியாதவரா உங்கள் பிரதர்? பிறகு எசேக்கியேல் பதினெட்டாம் அதிகாரத்துக்குப் போ. அப்பன் குற்றத்தை மகன் சுமப்பதில்லை என்று அச்சுப் பிசகாமல் எழுதியிருக்கிறது. (அதே அதிகாரத்தில் பல் கூசுவதைப் பற்றியும் வரும். நீ வேலை பார்க்கும் பல் டாக்டரிடம் காட்டு.) பிறகு யோவான் ஒன்பது, மூன்றாம் வசனம். பிறவிக் குருடனைப் பார்த்து, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவன் செய்ததும் இல்லை, இவனைப் பெற்றவர்கள் செய்ததும் இல்லை என்று ஆண்டவரிடமிருந்து பதில் வருகிறது. இதற்குமேல் என்ன வேண்டும்?

அச்சகத்தில் நான் பிழை திருத்திய காலம் முழுவதும், மேல் வரியையும் கீழ் வரியையும் பார்க்காமல் ஒரு வரியில் பேனா வைத்ததில்லை. கான்வென்டில் எங்கள் மதர் தனி வசனத்தை ஒப்பிக்கவே விடமாட்டார். "முன்னாடி என்ன, பின்னாடி என்ன?" என்று பிரம்பால் மேசையைத் தட்டுவார். அந்தப் பிரம்பு உங்கள் கூடத்துக்கு அவசியம் தேவை.

உன் மாமா எப்படிக் காதை இழந்தார் என்பது உனக்குத் தெரியும். அதே அச்சகத்தில் பெரிய மெஷினுக்குப் பக்கத்தில் ஆயுள் முழுக்க நின்றார். அந்த இரைச்சலில் கல்லுக்குக்கூடக் காது போகும். அவரா கடவுளைப் பகைத்தவர்? பூசைக்கு மணி அடித்துவிட்டால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிய மனிதர்.

அவர் காதைப் பற்றிப் பிரதரிடம் சொன்னது நீ என்று என் மகன் சொல்கிறான். அதற்கு எனக்கு விளக்கம் வேண்டும். அது வரும்வரை அந்த வீட்டுப் படி ஏற எனக்கு மனமில்லை. சிட்டுவின் காது மெஷினை நான் ஊருக்குக் கிளம்பிய அன்று மேசை டிராயரில் பார்த்தேன். அதை உடனே எடுத்து அவள் காதில் மாட்டு. விளக்கத்தைப் பிறகு எழுதினாலும் பரவாயில்லை. மெஷின் முதலில்.

அன்புடன்,
அத்தை


மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

கிளினிக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே டாக்டர் ஒருவருக்குக் கடைவாய்ப் பல் எடுக்கிறார். வரும் சத்தத்தைப் பார்த்தால் எனக்கு நிறைய நேரம் கிடைக்கும்போல் இருக்கிறது. வெளியே காத்திருப்பவர்களில் இரண்டு பேர் அந்தச் சத்தத்தைக் கேட்டே, இன்னொரு நாள் வருகிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

முதலில் நீங்கள் கேட்ட விளக்கம். மாமா காதைப் பற்றிப் பிரதரிடம் சொன்னது நான்தான். ஆனால் உங்கள் பிள்ளை பாதியைத்தான் உங்களிடம் சொல்லியிருக்கிறார். (நல்ல காரியம் செய்தால் என் வீட்டுக்காரர். இந்த மாதிரி செய்தால் உங்கள் பிள்ளை.) "குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருக்கா சிஸ்டர்?" என்று பிரதர் கேட்டார். காது டாக்டரும் முதல் நாள் இதே கேள்வியைத்தான் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே இவருக்கும் சொன்னேன். "மாமாவுக்கு வயசான காலத்துல கேக்கல, ஆனா அது மெஷின் சத்தத்துல வந்தது." அந்த "ஆனா"வுக்குப் பிறகு சொன்னதைப் பிரதரும் விட்டுவிட்டார், உங்கள் பிள்ளையும் விட்டுவிட்டார். நீங்களும் முன்னாடி என்ன, பின்னாடி என்ன என்று என்னைக் கேட்கவில்லை, அத்தை. பஸ் ஏறிவிட்டீர்கள்.

நீங்கள் எழுதிய இடங்களை எல்லாம் வாசித்தேன். யாத்திராகமம் சரி. எசேக்கியேலும் சரி. யோவான் ஒன்பதை வாசித்தபோது அழுதேன். நீங்கள் எதிரில் இல்லாததால் சுதந்திரமாக அழுதேன். ஆனால் நீங்கள் மூன்றாம் வசனத்தோடு நிறுத்திவிட்டீர்கள். நான் ஏழாம் வசனம் வரைக்கும் போனேன். ஏழாம் வசனத்தில் அந்த மனிதன் போய்க் கண்ணைக் கழுவுகிறான். பார்வையோடு திரும்பி வருகிறான். அத்தை, நான் அங்கேதான் நிற்கிறேன். பாவம் இல்லை, சாபம் இல்லை, சரி. அவனுக்குக் கண் கிடைத்ததே. என் பிள்ளைக்கு?

மெஷினை ஏன் கழற்றினேன் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கேட்பதை ஏற்கெனவே பெற்றுக்கொண்டதாக நம்புங்கள், அப்போது கிடைக்கும் என்று மாற்கு பதினொன்றில் இருக்கிறது. "பெத்துக்கிட்டோம்னு நம்புறவங்க மெஷினை எதுக்கு மாட்டணும் சிஸ்டர்? அது நீங்களே சந்தேகத்தை வளக்கிற மாதிரி" என்றார் பிரதர். மாதக் கடைசியில் பெரிய மைதானத்தில் கூட்டம் இருக்கிறது. அங்கே மேடையில் சிட்டுவை நிறுத்தி ஜெபிப்பார்கள். மெஷினையும் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்னால் மேடையில் வைக்க வேண்டும். அதுவரை டிராயரில் இருக்கட்டும் என்றார்.

நீங்கள் கோபப்படுவீர்கள். படுங்கள். ஆனால் ஒன்று. சிட்டுவுக்கு முதல் பரிசோதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்த அன்று, நீங்கள் போனில் "தைரியமா இரு, எல்லாத்துக்கும் வழி இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். மாடி வீட்டு அக்காவும் குழுவில் இருந்த மற்றவர்களும் நேரில் வந்தார்கள். ஒன்றும் பேசாமல் என் வீட்டுத் துணியெல்லாம் துவைத்துப் போட்டார்கள். நான் அந்தக் குழுவுக்குள் வசனத்தைப் பார்த்துப் போகவில்லை. அந்தத் துணிகளைப் பார்த்துப் போனேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் பிரதர் என்னைத் தனியாகக் கேட்டார். "இவ வயித்துல இருக்கும்போது ஏதாவது மறைவான பாவம் இருந்துதா, யோசிச்சுப் பாருங்க." அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பாத்திரம் துலக்கும்போது, பஸ்ஸில் நிற்கும்போது, இங்கே பேர் எழுதி டோக்கன் கொடுக்கும்போது. என்ன செய்தேன், என்ன செய்தேன் என்று. நீங்கள் மாமாவுக்காகச் சண்டை போட்டீர்கள். எனக்காகச் சண்டை போட எனக்கு ஆள் தெரியவில்லை.

சிட்டு நன்றாகச் சாப்பிடுகிறாள். மெஷின் இருந்தபோது "தண்ணி" என்று கேட்பாள். இப்போது என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குடத்தைக் காட்டுகிறாள். துணி துவைக்கும் மெஷின் ஓடும்போது அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அதிலிருந்து ஏதோ வருகிறது என்று அவளுக்குத் தெரிகிறது.

உள்ளே பல் வந்துவிட்டது. வெற்றிச் சத்தம் கேட்கிறது.

அன்புடன்,
மருமகள்


மார்ச் 18

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் நான்கு நாள்களாக மேசைமேல் இருக்கிறது. நான் கடிதத்துக்குத் தாமதமாகப் பதில் எழுதுகிறவள் இல்லை. முதல் மூன்று நாள் எழுதியவற்றைக் கிழித்துப் போட்டேன். அவற்றில் எல்லாம் நான் சொன்னதுதான் சரி என்று இருந்தது.

உன் "ஆனா"வுக்குப் பிந்திய பகுதி எனக்கு வந்து சேர்ந்தது. அதை என் மகனுக்கும் போனில் வாசித்துக் காட்டினேன். "அந்தப் பாதி முக்கியம்னு தோணலம்மா" என்றான். நானும் அதைக் கேட்காமலே பெட்டியைக் கட்டினேன் என்பதால் அவனைத் திட்ட வாய் வரவில்லை. கொஞ்சம் திட்டினேன்.

யோவான் ஒன்பதை முழு அதிகாரமாக வாசித்தேன். நீ கேட்டது சரி. மூன்றாம் வசனத்தில் என் கணவர் விடுதலை ஆனார், அதோடு எனக்குப் போதும் என்று இருந்துவிட்டேன். ஏழாம் வசனம் உன்னுடையது என்பதை நான் பார்க்கவில்லை.

அந்த மனிதனுக்குக் கண் கிடைத்தது, சிட்டுவுக்கு ஏன் காது கிடைக்கவில்லை? எனக்குத் தெரியாது. அந்த அதிகாரத்தில் அதற்குப் பதில் இல்லை. வேறு எங்காவது இருக்கிறதா என்று இந்த நாள்கள் எல்லாம் தேடினேன். எங்கும் எல்லாருக்கும் கிடைத்ததாக எழுதியிருக்கவில்லை. கிடைக்காதவர்கள் குறைந்தவர்கள் என்றும் எழுதியிருக்கவில்லை. எழுதாததை நான் எழுதிச் சேர்க்கமாட்டேன், உனக்கு ஆறுதலாக இருக்கும் என்றாலும். உன் பிரதர் சேர்க்கிறார். அவருக்கும் எனக்கும் சண்டை அங்கேதான்.

ஆனால் நீ ஏழாம் வசனத்துக்கு ஓடிய வேகத்தில் ஆறாம் வசனத்தைத் தாண்டிவிட்டாய். அங்கே ஆண்டவர் தரையில் துப்பி, சேறு உண்டாக்கி, அந்தச் சேற்றை அவன் கண்ணில் பூசுகிறார். பிறகு போய்க் கழுவு என்று தண்ணீருக்கு அனுப்புகிறார். வெறும் வார்த்தை போதாதா அவருக்கு? போதும். ஆனாலும் கையில் சேற்றை எடுத்தார். சேற்றை எடுத்தவர், ஒரு சின்னப் பிளாஸ்டிக் மெஷினைப் பார்த்துக் கோபித்துக்கொள்வார் என்று யார் சொன்னது?

அதே அதிகாரத்தில் இன்னும் கீழே கோயில் தலைவர்கள் அவனைப் பெற்றவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கிறார்கள். இவன் உங்கள் மகன்தானா, இப்போது எப்படிப் பார்க்கிறான் என்று. பயந்து நடுங்குகிறார்கள் அந்த இரண்டு பேரும். விசாரிப்பவர்கள் யார் என்று பார். ஆண்டவர் இல்லை. அவர் அந்தத் தாயிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. மருமகளே, பாத்திரம் துலக்கும்போது உன்னிடம் யார் கேள்வி கேட்கிறார்கள் என்று அடையாளம் கண்டுகொள். நீ ஒன்றும் செய்யவில்லை. சண்டைக்கு ஆள் தெரியவில்லை என்று எழுதினாயே, இதோ நான் இருக்கிறேன். எனக்கு வயதாகிவிட்டது, ஆனால் சண்டைக்கு இன்னும் நல்ல பலம் இருக்கிறது.

மாற்கு பதினொன்றுக்கு வருகிறேன். பெற்றுக்கொண்டதாக நம்பு என்ற வசனத்துக்கு அடுத்த வசனம், நின்று ஜெபிக்கும்போது யார்மேலாவது உனக்குக் குறை இருந்தால் மன்னித்துவிடு என்பது. இதை உன் பிரதருக்கு எதிராக எடுத்து எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது வேறு திசையில் திரும்பிவிட்டது. யாரிடம் விளக்கம் கேட்டு, யார் வீட்டுப் படியேற மாட்டேன் என்று எழுதினேன் என்பது நினைவுக்கு வந்தது. அந்த வசனத்தை வேகமாகத் தாண்டப் பார்த்தேன். முடியவில்லை.

அன்றைக்குத் துணி துவைக்க நான் வந்திருக்க வேண்டும். தைரியத்தைப் போனில் அனுப்பலாம் என்று நினைத்தேன்.

சிட்டு மெஷின்மேல் கைவைத்து நிற்பதை எழுதினாய். உன் மாமாவும் காது போன பிறகு அச்சு மெஷின்மேல் கைவைத்துத்தான் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று சொல்வார். தவறியதே இல்லை. இதுதான் அவர் பேத்திக்குக் கொடுத்த பரம்பரை என்றால் எனக்குச் சம்மதம்.

மெஷினை மாட்டு என்று இந்த முறை உத்தரவு போடவில்லை. கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை


ஏப்ரல் 2

அன்புள்ள அத்தைக்கு,

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதாமலே அதற்கு ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். பெற்றுக்கொண்டேன். நானும் அன்று மாமாவின் அச்சு மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும், மௌனமாகத் தலையாட்டியிருக்கக் கூடாது. இதுவும் உங்கள் முறையிலேயே எழுதியிருக்கிறேன், பெற்றுக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி மாற்கு புத்தகத்தை எடுத்தேன். பதினொன்றுக்குப் போகிற வழியில் ஏழாம் அதிகாரத்தில் நின்றுவிட்டேன். அங்கே காது கேட்காத, பேச்சுத் திக்கிய ஒருவனைக் கொண்டுவருகிறார்கள். ஆண்டவர் முதலில் அவனைக் கூட்டத்தை விட்டுத் தனியே அழைத்துக்கொண்டு போகிறார். பிறகுதான் அவன் காதில் விரலை வைக்கிறார், வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறார். அந்தப் பெருமூச்சைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அடுத்த நோயாளியின் பேரைத் தப்பாகக் கூப்பிட்டேன்.

மைதானக் கூட்டத்துக்கு முந்தைய நாள் பிரதர் வந்தார். "பிரதர், இந்த இடத்துல அவர் கூட்டத்தை விட்டுத் தனியா கூட்டிட்டுப் போறாரே. நாம மட்டும் ஏன் கூட்டத்துக்கு நடுவுல கொண்டு போறோம்?" என்று கேட்டேன். என் குரல் நடுங்கியது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "உங்க அத்தை வந்துட்டுப் போனதுலேர்ந்து கேள்வி அதிகமாயிடுச்சு சிஸ்டர்" என்றார்.

"அத்தை இந்த இடத்தைச் சொல்லல பிரதர். இது நானே பாத்தது."

"அப்போ நாளைக்குப் பிள்ளை வராதா?"

"வராது பிரதர்."

கத்தவில்லை அவர். அதையும் எழுத வேண்டும். "நான் ஜெபிக்கிறதை நிறுத்தமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை உண்மையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். சென்ட் மட்டும் ரொம்ப நேரம் இருந்தது.

இதையெல்லாம் சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். (இன்று அவர் என் வீட்டுக்காரர்.) டிராயரைத் திறந்து மெஷினை எடுத்து, பழைய பேட்டரியைக் கழற்றி, புதிதைப் போட்டு என்னிடம் நீட்டினார். அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தார், அத்தை. எப்போது வாங்கினார் என்று நான் கேட்கவில்லை.

சிட்டு முதலில் அழுதாள். காதைப் பொத்திக்கொண்டாள். காது டாக்டரிடம் போனோம். விட்டுப்போன நாள்களை அவள் உழைத்துத்தான் பிடிக்க வேண்டும், ஆனால் பிடிப்பாள் என்றார். எனக்கு ஒரு திட்டும் விழுந்தது. நியாயமான திட்டு. நேற்று சாயங்காலம் சமையலறைக் குழாய் சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டிருந்தது. சிட்டு விளையாட்டை விட்டு எழுந்து, அறை அறையாகப் போய், கடைசியில் குழாய்க்கு முன்னால் நின்று, "யாரு?" என்றாள்.

நான் குழாயை மூடவில்லை. அது பாட்டுக்குச் சொட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

குழுவிலிருந்து இப்போது யாரும் வருவதில்லை. தெருவில் பார்த்தால் "ஜெபிக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வேகமாகப் போகிறார்கள். அது வலிக்கிறது. நீங்கள் அவர்களைத் திட்டி எழுத வேண்டாம், துணி துவைத்தவர்கள் அவர்கள். மாடி வீட்டு அக்கா மட்டும் நேற்று இறங்கி வந்தார். "அந்த ஒன்பதாம் அதிகாரத்தை முழுசா ஒருதடவ வாசிச்சுக் காட்டேன், எனக்குக் கண்ணாடி பத்தல" என்றார். முடிவுவரை வாசித்தேன். பார்வை வந்தவனைக் கோயிலை விட்டுத் தள்ளிவிடுகிறார்கள், ஆண்டவர் போய் அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். "இது இத்தனை நாளா இங்கேயேவா இருந்தது?" என்று அக்கா கேட்டார். செவ்வாய்க்கிழமைகளில் வந்து உட்காரலாமா என்றும் கேட்டார். சரி என்றேன். எங்கள் இரண்டு பேருக்கும் விளங்காத இடம் நிறைய வரும்.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். நான் இன்னும் தினமும் கேட்கிறேன். சிட்டுவுக்கு மெஷினை மாட்டிவிட்டு, அதன்மேலேயே கையை வைத்து, காதைத் திறந்துவிடுங்கள் என்று கேட்கிறேன். இத்தனை வாசித்த பிறகும் அப்படிக் கேட்பது தப்பா?

அன்புடன்,
மருமகள்


ஏப்ரல் 6

அன்புள்ள மருமகளுக்கு,

தப்பில்லை. நானும் அதையே கேட்கிறேன். பல வருடங்களாகப் பெருமைக்காக மனப்பாட ஜெபங்களை மட்டும் சொல்லிவந்தவள், இப்போது சொந்த வார்த்தையில் கேட்கிறேன். இலக்கணப் பிழையோடு வருகிறது. திருத்தவில்லை.

மாற்கு ஏழாம் அதிகாரத்தை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். தனியே அழைத்துப்போனதை ஒருமுறையும் நின்று பார்த்ததில்லை. நீ பார்த்தாய். பிரதர் வந்து போன அன்று உன் குரல் நடுங்கியது என்று எழுதினாய். பெரிய கூட்டத்துக்கு எதிராகப் பேசுகிறவர்களுக்குக் குரல் நடுங்குவது வழக்கம். அன்று உங்கள் கூடத்தில் எனக்கும் நடுங்கியது. அதை மறைக்கத்தான் சத்தமாகப் பேசினேன்.

துணி துவைத்தவர்களைத் திட்டமாட்டேன். ஆனால் அந்த வேலைக்கு இனி நான் இருக்கிறேன். எனக்கு இங்கே இரண்டு அறையும், பேசாத ஒரு ரேடியோவும், பேசிக்கொண்டே இருக்கும் பக்கத்து வீட்டுக்காரியும்தான். மூன்றையும் பூட்டிவிட்டு வந்துவிடலாம். செவ்வாய்க்கிழமை நீயும் அக்காவும் உட்காரும்போது ஒரு மூலையில் நானும் உட்காருவேன். விளங்காத இடம் வந்தால் மூன்று பேருமாக விளங்காமல் இருப்போம். என்னை எதுவும் விளக்கச் சொல்லாதீர்கள். சொன்னால் நிறுத்தத் தெரியாது எனக்கு.

சிட்டு என்னைப் பார்த்தும் "யாரு?" என்று கேட்பாள். கேட்கட்டும். நான் அவள் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை முறை கேட்டாலும் அத்தனை முறையும் சொல்கிறேன்.

அன்று சொல்லாமல் போன வீட்டுக்குச் சொல்லாமல் வந்து நிற்க எனக்கு முகம் இல்லை. வரும் திங்கட்கிழமை நான் அங்கே வரலாமா? ஒரு வரி போதும். எழுதி அனுப்பு.

அத்தை